உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது? டோஸ் கணிப்பும் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு உலையில் விபத்து, கவனிப்பாரற்றுக் கிடந்த கதிரியக்கக் கருவியை யாரோ உடைத்துப் பார்த்தது, தொழிற்சாலை எக்ஸ்ரே வேலையில் ஒரு பிசகு. எந்த வழியில் வந்தாலும் மருத்துவர் முதலில் கேட்பது "எவ்வளவு பட்டது?" என்றுதான். அந்த எண்ணை எப்படிப் பிடிக்கிறார்கள், பிடித்து என்ன செய்கிறார்கள் என்பது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கதிர்வீச்சு பட்டால் உடனே தெரியாதா? சுடாதா?

தெரியாது. உடம்பின் ஒவ்வொரு கிலோவும் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது 1 கிரே. உடம்பு முழுக்க ஒரே மூச்சில் 4 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். அதே 4 கிரே உடம்புச் சூட்டை எவ்வளவு ஏற்றும் தெரியுமா? ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மிடறு வெந்நீர் குடித்தாலே அதைவிட அதிகச் சூடு உள்ளே போகிறது.

ஆற்றல் கொஞ்சம்தான், ஆனால் அது விழும் இடம் டி.என்.ஏ. அதன் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்துவிட்டால், பிரிந்து பெருக வேண்டிய செல் பெருக முடியாமல் செத்துப்போகும். ரத்த அணுக்களை உண்டாக்க ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கும் எலும்பு மஜ்ஜையும் குடலின் உள்சுவரும் முதலில் அடிவாங்குவது அதனால்தான்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. முதல் நாள் குமட்டல், வாந்தி என்று படுத்தவர் இரண்டொரு நாளில் தெம்பாக எழுந்து உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்குப் போகிறேன் என்பார். ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு விழுவது இரண்டு மூன்று வாரம் கழித்து. அதுவரை காத்திருந்தால் மருந்து கொடுக்க வேண்டிய வேளை போய்விடும். இந்த அமைதியான இடைவெளிக்குள் முடிவெடுக்கத்தான் டோஸைக் கணிக்கிறோம்.

கிரே, சீவர்ட் இரண்டில் எதைப் பார்ப்பது?

கதிர்வீச்சு நோய்க்குச் சிகிச்சை தருபவர் பார்ப்பது கிரே. பல வருடம் கழித்து வரக்கூடிய புற்றுநோய் அபாயத்தைப் பேசும்போதுதான் சீவர்ட். காமா கதிருக்கு இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் செய்திகளில் கலந்து எழுதுகிறார்கள். நியூட்ரான், ஆல்ஃபா என்று வந்தால் அந்தக் கணக்கு ஒத்துவராது.

எத்தனை கிரேக்கு என்ன ஆகும்?

உடம்பு முழுக்க, குறுகிய நேரத்தில், ஊடுருவும் கதிர் பட்டது என்று வைத்துக்கொண்டால்: 1 கிரேக்குக் கீழே பெரும்பாலோருக்கு உடனடி நோய் எதுவும் வராது. 1 முதல் 2 வரை லேசானது, கண்காணித்தால் போதும். 2க்கு மேல் மஜ்ஜை தளர்கிறது, தொற்றும் ரத்தக் கசிவும் ஆபத்தாகின்றன. 4 முதல் 6 வரை போனால் நல்ல மருத்துவமனையில் தனி அறை, ஆன்டிபயாடிக், ரத்தத் தட்டணுக்கள் ஏற்றுதல் என்று எல்லாம் தேவைப்படும். கிடைத்தால் பலர் பிழைக்கிறார்கள். அதற்கு மேலே குடல் சேர்ந்து கெடுகிறது, 10 கிரேயைத் தாண்டியவர்கள் பிழைப்பது மிக அரிது. இன்னும் மேலே, பத்துகளின் கணக்கில் போனால், ரத்த ஓட்டமும் மூளையுமே நிலைகுலைந்து சில நாட்களில் முடிந்துவிடும்.

இவை கறாரான எல்லைக்கோடுகள் என்று நினைத்துவிட வேண்டாம். வயது, மற்ற காயங்கள், கதிர் பட்ட வேகம் எல்லாம் சேர்ந்து இவற்றை நகர்த்தும்.

டோஸ் தெரியும் வரை சிகிச்சை தொடங்க மாட்டார்களா?

தொடங்குவார்கள், தொடங்கத்தான் வேண்டும். மூச்சு நின்றுகொண்டிருப்பவருக்கு மூச்சு, ரத்தம் கொட்டுபவருக்குக் கட்டு. கதிர்வீச்சு யாரையும் அந்த நிமிடத்தில் கொல்வதில்லை, உடைந்த விலா எலும்பு கொல்லும். உயிர்காக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் மீட்டரை எடுக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவரைத் தொட்டால் நமக்கும் கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளுமா?

காமா கதிரோ எக்ஸ்ரேயோ வெளியிலிருந்து உடம்பைத் துளைத்துப் போயிருந்தால் அவர் உடம்பில் எதுவும் மிச்சமில்லை. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவர் அருகே உட்காரப் பயப்படுவோமா? அதே கதைதான்.

கதிரியக்கத் தூளோ திரவமோ மேலே படிந்திருந்தால் மட்டும் கவனம் வேண்டும். உடையைக் களைந்தாலே பெரும்பகுதி போய்விடும், மீதியைச் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். தோலை உரசித் தேய்க்கக் கூடாது, கீறல் வழியாக உள்ளே போகும். களைந்த உடையை ஒரு பையில் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள். அதில் என்ன பொருள் இருக்கிறது என்பது பின்னால் டோஸ் கணக்குக்கே உதவும்.

வாந்தி வந்த நேரத்தை ஏன் இவ்வளவு துருவித் துருவிக் கேட்கிறார்கள்?

முதல் சில மணி நேரத்தில் கையில் இருக்கும் ஒரே மலிவான அளவுகோல் அதுதான். 1 முதல் 2 கிரே பட்டவர்களில் சிலருக்கு மட்டும், இரண்டு மணி நேரம் கழிந்தபின் வரும். 2 முதல் 4 என்றால் பெரும்பாலோருக்கு, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். 4ஐத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள், 6ஐத் தாண்டினால் அரை மணிக்குள், 8ஐத் தாண்டினால் பத்து நிமிடத்துக்குள்ளேயே.

ஆனால் இதை மட்டும் நம்பி யாரையும் எந்தப் பிரிவிலும் தள்ளிவிடக் கூடாது. பயத்தில் வாந்தி வரும், தலையில் அடிபட்டாலும் வரும், பக்கத்தில் ஒருவர் எடுப்பதைப் பார்த்தாலே சிலருக்கு வந்துவிடும். வாந்தியே எடுக்காமல் 2 கிரே வாங்கியவர்களும் இருப்பார்கள். என்னைக் கேட்டால், இதை ஒரு சந்தேகக் குறியாக மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த நிமிடமே ரத்தம் எடுப்பதுதான் சரி.

கூடவே கவனிக்கும் மற்றவை: வயிற்றுப்போக்கு எப்போது தொடங்கியது, காய்ச்சல் உண்டா, கன்னத்தில் காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கிறதா, தோல் எங்கே சிவந்திருக்கிறது. தோலை நாள்தோறும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. முடி உதிர 3 கிரே அளவுக்கு அந்த இடத்தில் பட்டிருக்க வேண்டும், அதுவும் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் உதிரும்.

ரத்தப் பரிசோதனை என்றால் எது? ஒரு தடவை எடுத்தால் போதாதா?

எந்த ஊர் ஆய்வகத்திலும் எடுக்கும் சாதாரண ரத்த அணு எண்ணிக்கைதான். அதில் லிம்போசைட் என்ற வெள்ளணு மட்டும் நமக்கு முக்கியம். பெருகும் செல்தான் எளிதில் சாகும் என்று மேலே சொன்னேன். லிம்போசைட் அதற்கு விதிவிலக்கு. அது சும்மா ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும்போதே, கதிர் பட்ட சில மணி நேரத்தில், தன்னைத்தானே முடித்துக்கொள்ளத் தொடங்கும். டோஸ் கூடக் கூட எண்ணிக்கை இன்னும் செங்குத்தாக விழும்.

ஒரே ஒரு எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களிலேயே ஒருவருக்கு மைக்ரோலிட்டருக்கு 1,200 இருக்கும், இன்னொருவருக்கு 3,500 இருக்கும். 1,200 என்று வந்தால் அது அவருடைய இயல்பா, 3,500இலிருந்து விழுந்ததா? இரண்டாவது, மூன்றாவது மாதிரியைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதல் இரண்டு நாள் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, கோடு போட்டு, சரிவைப் பார்க்கிறார்கள். 1960களில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வரைந்த சரிவுப் படம் இன்றும் பயன்படுகிறது.

மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் எண்ணிக்கை 800க்கு மேலே நின்றுவிட்டால் பெரும்பாலும் லேசான பாதிப்பு. 500க்குக் கீழே போனால் கடுமையானது. 100ஐ ஒட்டிப் போய்விட்டால் மிக மோசம். முதல் நாளில் மற்ற வெள்ளணுக்கள் கூடித் தெரிந்தால் அதைப் பார்த்து நிம்மதியடைந்துவிட வேண்டாம். அது உடம்பின் பதற்றம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

குரோமோசோம் பரிசோதனையைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். அது என்ன?

ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இடுப்பு மாதிரி ஒரு பகுதி உண்டு, சென்ட்ரோமியர் என்பார்கள். கதிர்வீச்சில் இரண்டு குரோமோசோம்கள் அறுந்து, செல் அவசரத்தில் தப்பும் தவறுமாக ஒட்டினால் சில சமயம் இரண்டு இடுப்புள்ள ஒன்று உருவாகிவிடும். அதன் பெயர் டைசென்ட்ரிக். வேறு காரணங்களால் இது மிக அரிதாகவே உண்டாகிறது: இயல்பாக ஆயிரம் செல்லுக்கு ஒன்று இருந்தால் அதிகம். 1 கிரே காமா சட்டென்று பட்டால் நூறு செல்லுக்கு ஏழெட்டு, 3 கிரே பட்டால் நூறுக்கு அறுபதை ஒட்டி வந்துவிடும். டோஸ் மூன்று மடங்கானால் எண்ணிக்கை மூன்று மடங்கோடு நிற்பதில்லை, பாருங்கள். ஒவ்வொரு ஆய்வகமும் தெரிந்த டோஸில் ரத்த மாதிரிகளைக் காட்டித் தனக்கென ஒரு வளைகோடு தயாரித்து வைத்திருக்கும். நோயாளியின் எண்ணிக்கையை அதில் பொருத்திப் பார்ப்பார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் பூசிய குழாயில் 5 முதல் 10 மி.லி. போதும். கதிர் பட்டு 24 மணி நேரம் ஆனபின் எடுத்தால் நல்லது. அதற்குள் உடம்பின் எல்லாப் பகுதி லிம்போசைட்டுகளும் ரத்தத்தில் கலந்துவிடும். பிறகு செல்களை 37 டிகிரியில் 48 மணி நேரம் வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்தி, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். முழுக் கணக்குக்கு ஐநூறு முதல் ஆயிரம் செல்.

ஆக, விடை வர மூன்று நாலு நாள். இது எல்லோரும் மதிக்கும் சோதனைதான், ஆனால் முதல் நாள் முடிவுக்கு உதவாது. 5 கிரேயைத் தாண்டினால் எண்ணுவதற்குப் போதுமான செல்களே பிழைப்பதில்லை என்ற சங்கடமும் உண்டு. அப்போது செல் பிரியும்வரை காத்திருக்காமல் குரோமோசோமைக் கட்டாயமாகச் சுருங்க வைத்துப் பார்க்கும் வேறொரு முறைக்குப் போவார்கள்.

பேட்ஜ் அணிந்திருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாமே?

கதிர்வீச்சு வேலை செய்பவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் டோஸ் அளவிதான் பேட்ஜ். இருந்தால் பெரிய உதவி. ஆனால் அது சொல்வது சட்டைப் பையில் பட்ட டோஸை. கதிரியக்க மூலத்தைக் கையில் எடுத்தவரின் விரலுக்குப் பல மடங்கு அதிகம் பட்டிருக்கும். முதுகுப் பக்கம் பட்டிருந்தால் உடம்பே மறைத்து பேட்ஜ் குறைவாகக் காட்டும். பேட்ஜை மேசையில் வைத்துவிட்டு வேலை செய்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. 1986இல் செர்னோபில் விபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடியவர்களிடம் இருந்த அளவிகளில் பல, அளவு எகிறிப் பயனற்றுப்போயின. அங்கே டோஸைக் கணித்தது பெரும்பாலும் லிம்போசைட்டும் குரோமோசோமும்தான்.

பேட்ஜும் இல்லை, பட்டதே தெரியாது என்றால்?

நிஜ விபத்துகளில் பல இப்படித்தான். 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து சீசியம்-137 கருவியை எடுத்து உடைத்துவிட்டார்கள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் முதலில் ஏதோ வெப்பமண்டல நோய் என்று நினைத்தார்கள். உண்மை தெரிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு சுமார் 1,12,000 பேரைச் சோதித்ததில் 249 பேர் மேல் கதிரியக்கப் பொருள் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் குரோமோசோம்களை எண்ணி டோஸ் கணித்தார்கள். அதிகபட்சம் 7 கிரே. நால்வர் இறந்தார்கள்.

இதில் கவனிக்க ஒன்று: அந்த 7 கிரே கணிக்கப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். இறந்த நால்வருக்கும் கணிக்கப்பட்டது அதைவிடக் குறைவு. பிழைத்தவர் அவ்வப்போது வெளியே போய்வந்ததால் டோஸ் தவணை தவணையாகப் பட்டு, இடையில் செல்கள் பழுது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அன்று சொல்லப்பட்ட விளக்கம். மொத்த எண்ணை மட்டும் பார்த்து யாரையும் கைவிடக் கூடாது என்று வாதாட வேண்டிய இடத்திலெல்லாம் நான் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்வேன்.

ஆய்வகம் தவிர, துப்பறியும் வேலையும் இருக்கிறது. மூலத்தின் வலிமை என்ன, எவ்வளவு தூரத்தில் நின்றார், எத்தனை நிமிடம், நடுவில் சுவர் இருந்ததா என்று கேட்டுக் கணக்கிடலாம். தூரம் பாதியானால் டோஸ் நாலு மடங்கு என்பதால் "கிட்டத்தான் நின்றேன்" என்ற பதில் போதாது. சம்பவத்தை நடித்தே காட்டச் சொல்வார்கள். செல்போனுக்குள் இருக்கும் பீங்கான் மின்தடைகளும் கதிர்வீச்சை நினைவில் வைத்திருக்கும், ஒளியூட்டிப் படிக்கலாம். போன் திரும்பி வராது, அவ்வளவுதான்.

உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் பட்டிருந்தால்?

அப்போது "சராசரி டோஸ்" என்பது கிட்டத்தட்டப் பொய். ஒரு காலைத் தவிர மற்ற எங்கும் 8 கிரே பட்டிருந்தாலும், தப்பிய மஜ்ஜை மெல்ல மெல்ல மற்ற எலும்புகளை நிரப்பிவிட வாய்ப்பிருக்கிறது. மாறாக, சராசரி 1 கிரே என்று அறிக்கை வந்தவரின் தொடையில், மூலத்தைப் பையில் போட்டு நடந்ததால், 25 கிரேக்கு மேல் பட்டுச் சதை அழுகிக்கொண்டிருக்கலாம்.

டைசென்ட்ரிக் எண்ணும்போது இது தெரிந்துவிடும். சில செல்களில் நாலைந்தும் மீதி எல்லாவற்றிலும் ஒன்றுமில்லாமலும் கொத்தாக இருந்தால் உடம்பின் ஒரு பகுதியில்தான் பட்டிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை பங்கு, அந்தப் பங்குக்கு எவ்வளவு என்று பிரித்தே கணக்கிட முறைகள் உண்டு.

நியூட்ரான் பட்டால்?

நியூட்ரான் உடம்பிலுள்ள சோடியத்தையே கதிரியக்கச் சோடியம்-24ஆக மாற்றிவிடும். அரை ஆயுள், அதாவது பாதியாகத் தேயும் நேரம், 15 மணி. ரத்தத்தில் அளந்து டோஸைப் பிடிக்கலாம். தலைமுடியிலுள்ள கந்தகமும் மாறும். எந்தப் பக்கத்து முடியில் அதிகம் என்று பார்த்தால் அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார் என்பதும் தெரியும். 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் தொக்காய்முராவில் யுரேனியக் கரைசல் தொட்டியில் தொடர்வினை மூண்டபோது மூன்று தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சோடியம், லிம்போசைட், குரோமோசோம் மூன்றும் ஒரே வரிசையைத்தான் காட்டின: இருவருக்கு மிக அதிகம், மூன்றாமவருக்குக் கணிசமாகக் குறைவு. அந்த மூன்றாமவர்தான் பிழைத்தார்.

கதிரியக்கப் பொருள் உடம்புக்குள் போய்விட்டால் கணக்கு மாறுமா?

முற்றிலும் மாறும். வெளியிலிருந்து பட்டது முடிந்த கதை. உள்ளே போனது இன்னும் டோஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இங்கே முதல் கேள்வி "எவ்வளவு" என்பதைவிட "எது". சீசியம், கோபால்ட் என்றால் உடம்பை முழுதாக அளக்கும் கருவியில் படுக்க வைத்தால் தெரியும். புளூட்டோனியம், பொலோனியம் போன்றவை ஆல்ஃபா வகை, தோலைத் தாண்டி வெளியே வராது. சிறுநீரையும் மலத்தையும் பல நாள் சேகரித்து அளக்க வேண்டும். மூக்கின் இரண்டு துளையிலும் தனித்தனியாகப் பஞ்சால் துடைத்து எடுப்பது ஆரம்பக் குறிப்புக்கு உதவும், ஆனால் அதை முதல் மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும்.

மருந்தும் பொருளுக்கு ஏற்ப மாறும். சீசியத்துக்குப் பிரஷ்யன் புளூ: குடலில் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போகும், பெரியவர் உடம்பில் சுமார் 110 நாளாக இருக்கும் அரை ஆயுள் 30 நாளாகக் குறையும். புளூட்டோனியம், அமெரிசியத்துக்கு டி.டி.பி.ஏ. அயோடின் மாத்திரை தைராய்டை, அதுவும் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும் காக்கும். "கதிர்வீச்சு மாத்திரை" என்று அதை எல்லாவற்றுக்கும் விழுங்குபவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சரி, டோஸ் தெரிந்துவிட்டது. சிகிச்சையில் என்ன மாறுகிறது?

பெரிய மாற்றம் 2 கிரே என்ற வாசலில். அதைத் தாண்டியிருக்கும் என்று தோன்றினால் மஜ்ஜையைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் போன்ற ஊசியைக் கூடிய சீக்கிரம், முடிந்தால் முதல் நாளிலேயே, தொடங்குவார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் இதைக் கதிர்வீச்சு நோய்க்கென்றே அனுமதித்தது. குரோமோசோம் முடிவு வரும் வரை இதற்குக் காத்திருக்க முடியாது, வாந்தியும் லிம்போசைட்டும் சொல்வதை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் ஒன்றரை, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுவார்கள். அப்புறம் அணுக்கள் விழுந்துவிட்டால் புண் ஆறாது, தொற்று பிடிக்கும். மஜ்ஜை மீண்ட பிறகுதான் கத்தியைத் தொட முடியும். உறுப்புப் பொருத்தம் பார்க்கும் ரத்த மாதிரியையும் முதல் நாளே எடுத்து வைப்பார்கள், லிம்போசைட் இல்லாமல்போனால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. இன்னொரு விசித்திரம்: இவர்களுக்கு ஏற்றும் ரத்தப் பையை முதலில் 25 கிரே கதிர்வீச்சில் காட்டிவிட்டுத்தான் ஏற்றுவார்கள். தானமளித்தவரின் லிம்போசைட்டுகள் பலவீனமான உடம்பைத் தாக்காமலிருக்க அந்த ஏற்பாடு.

மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

எதிர்பார்த்த அளவுக்கு அது கைகொடுக்கவில்லை. செர்னோபிலில் 134 பேருக்குக் கதிர்வீச்சு நோய் உறுதியானது, அதில் 28 பேர் முதல் சில மாதங்களில் இறந்தார்கள். 13 பேருக்கு மஜ்ஜை மாற்றினார்கள். பெரும்பாலோர் பிழைக்கவில்லை, தோல் தீப்புண்ணே பலரைக் கொண்டுபோனது. தொக்காய்முராவிலும் அதிக டோஸ் வாங்கிய இருவருக்கும் குருத்தணு மாற்று செய்தார்கள், அவர்களும் மாதக்கணக்கில் போராடி இறந்தார்கள். மாற்று தேவைப்படும் அளவுக்கு டோஸ் வாங்கியவருக்குப் பெரும்பாலும் குடலும் தோலும் நுரையீரலும் சேர்ந்தே போயிருக்கும். மஜ்ஜை மட்டும் முழுதாக அழிந்து மற்றவை தப்பிய அபூர்வமானவர்களுக்கு இது பொருந்தும், அவர்களைக் கண்டுபிடிக்கவே டோஸ் கணக்கு துல்லியமாக வேண்டும்.

ஒரே நாளில் ஆயிரம் பேர் வந்தால்?

துல்லியத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குவார்கள். ஆயிரம் செல் எண்ணுவதற்குப் பதில் ஆளுக்கு ஐம்பது. அதில் 1, 2, 4 கிரே என்று பிரிக்க முடிந்தால் போதும். ரத்த மாதிரிகளைப் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் பிரித்து அனுப்பவும் ஏற்பாடுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே பயோடோஸ்நெட் என்ற வலையமைப்பை வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட நாளில் மிகப் பெரிய கூட்டம் ஒன்றும் படாதவர்களும் பயந்தவர்களும்தான். அவர்களை எண்ணோடு ஆறுதல் சொல்லி அனுப்புவதும் இந்தச் சோதனைகளின் வேலை.

ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு எண்ணைச் சொன்னால் எதை நம்புவது?

வாந்தி 4 கிரே என்கிறது, லிம்போசைட் 2.5 என்கிறது, பேட்ஜ் 1 என்கிறது. இது வழக்கமான நிலைமைதான். முதலில், ஏன் வேறுபடுகின்றன என்று கேளுங்கள். வாந்திக்கு பயம் காரணமாக இருக்கலாம், பேட்ஜை உடம்பு மறைத்திருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் கூடுதலான எண்ணைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்கி, மறுநாள் ரத்தத்தைப் பார்த்துத் தளர்த்துவது பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் மேலே படுக்கையில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பது இருக்கிறது. ஐரோப்பிய மருத்துவர்கள் உருவாக்கிய ஒரு முறையில் டோஸை ஓரமாக வைத்துவிட்டு ரத்தம், குடல், தோல், நரம்பு மண்டலம் நான்கின் பாதிப்பையும் தனித்தனியே தரம் பிரித்து, அதை வைத்தே சிகிச்சையைத் தீர்மானிக்கிறார்கள்.

நாலைந்து முறை சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறேன். நானும் இந்தச் சோதனை செய்துகொள்ளலாமா?

வேண்டாம். ஒரு சி.டி. பெரும்பாலும் 10 மில்லிசீவர்ட்டை ஒட்டியது. டைசென்ட்ரிக் சோதனைக்கு 100 மில்லிகிரேக்குக் கீழே கண் தெரியாது.

பல வருடத்துக்கு முன்னால் பட்டதை இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

டைசென்ட்ரிக் உள்ள செல்கள் பிரிய முடியாமல் அழிவதால் சில வருடங்களில் எண்ணிக்கை தேய்ந்துவிடும். குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டிய செல்கள் அப்படிச் சாவதில்லை, பல பத்தாண்டுகள் நிற்கும். ஒளிரும் சாயம் பூசி அவற்றை எண்ணலாம். வயதாக ஆக இவை தானாகவும் கூடும் என்பதால் கணக்கில் வயதைக் கழிக்க வேண்டும். இன்னும் நம்பகமானது பல் எனாமல். கதிர் விட்டுப்போன தடம் அதில் அழியாமல் கிடக்கும், காந்தப்புலத்தில் வைத்து அளக்கலாம். ஹிரோஷிமாவில் தப்பியவர்களின் டோஸை இப்படிச் சரிபார்த்தார்கள், வேறு காரணத்துக்காகப் பல் மருத்துவர் பிடுங்கிய பற்களைக் கேட்டு வாங்கி.